வெள்ளிக்கிழமைக் கப்பலும் கயிறு கட்டிய பெட்டியும்

சிநேகிதனின் குடும்பத்தைக் காப்பாற்ற ஷார்ஜாவிலிருந்து காரைக்காலுக்குப் போகிறவன் என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்? ஸ்க்ரூ டிரைவர் செட், சாலிடரிங் அயர்ன், ரப்பர் வளையங்கள், ஊசி இல்லாத சிரிஞ்சு, இன்சுலேஷன் டேப், தெர்மோகோல் துண்டுகள், பழைய பனியன் துணி. நான் இவற்றைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். உலகத்தில் வேறு எந்தச் சாட்சியும் இப்படி மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்க மாட்டான்.

நானும் இக்பாலும் ஷார்ஜாவில் ஏசி பழுது பார்ப்பவர்கள். ஒரே கம்பெனி, ஒரே அறை. நான் பொள்ளாச்சிக்காரன், அவன் காரைக்கால்காரன். வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து அவன் வந்ததும் இருவரும் ஒரு பூங்காக் குளத்துக்குப் போவோம். நாங்களே பிளாஸ்டிக் குழாயில் செய்த, கை நீளத்துக்கு இருக்கும் ஒரு நீர்மூழ்கிக் கப்பலை அங்கே ரிமோட்டால் ஓட்டுவோம். முங்க வைப்போம், எழுப்புவோம், ஒழுகினால் துடைப்போம். பல வருடங்களாக இதுதான் எங்கள் வெள்ளிக்கிழமை. அந்த நேரத்தில் ஃபோனை அணைத்துவிட வேண்டும் என்பது இக்பாலின் சட்டம். ஃபோன் சிக்னல் ரிமோட்டைக் கெடுத்துவிடும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அது பொய் என்று நான் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது.

அந்தச் சட்டம்தான் வினையாக வந்தது. காரைக்காலில் இருக்கும் அவன் மனைவி ஜமீலாவுக்கு, வெள்ளிக்கிழமை மட்டும் அணைந்துபோகும் ஃபோன் முதலில் கேள்வியாக இருந்து, பிறகு சந்தேகமாகி, கடைசியில் உறுதியாகிவிட்டது. அவனுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறதாம். இக்பால் பயந்துபோய் உண்மையைச் சொன்னான்: "தண்ணிக்கு அடியில கப்பல் ஓட்டுறோம்." ஜமீலாவின் அண்ணன் ஹாஜா, இதைவிட நல்ல பொய்யாக ஒன்று யோசித்திருக்கலாமே என்றாராம்.

வீடியோ அனுப்பினால் தீராதா என்று கேட்பீர்கள். அனுப்பினோம். முங்கிப்போன நீர்மூழ்கிக் கப்பலின் வீடியோவில் என்ன தெரியும்? தண்ணீர் தெரியும். நாங்கள் ஒரு பழைய கேமராவில் ஆசை ஆசையாக எடுத்த அத்தனை வீடியோவிலும் வெறும் தண்ணீர். போதாக்குறைக்கு ஒன்றில், பூங்காவில் நடந்துபோன யாரோ ஒரு பெண் சிரிக்கிற சத்தம் பதிவாகியிருந்தது. அதோடு கதை முடிந்தது.

இக்பால் அவசர லீவில் ஓடினான். ஓடியும் வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. அவர்கள் குடும்பங்களில் வீட்டைப் பெண்ணுக்கு எழுதிவைப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். ஆகவே சண்டை வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டியது கணவன். லாட்ஜ் அறையிலிருந்து அவன் எனக்கு ஃபோன் செய்தான்.

"பாலு, கப்பல எடுத்துக்கிட்டு வா டா. கண்ணால பாத்தாதான் நம்புவேங்குறா. இல்லன்னா ஜமாத்துல பேசி முடிச்சுக்கலாம்னு ஹாஜா நானா சொல்லிட்டாரு."

நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். முடிப்பது என்றால் பிரித்துவிடுவது என்று எனக்குத் தெரியும். அவனுக்கு அழுகை வந்ததும் எனக்குக் கேட்டது. நான் லீவு போட்டேன். என் மனைவி சுமதியிடம், சிநேகிதன் விஷயமாகக் காரைக்கால் போய்விட்டு அப்புறம் பொள்ளாச்சி வருகிறேன் என்றேன். சரி என்றாள். வெள்ளிக்கிழமைகளில் நான் தூங்குவதாக அவளிடம் சொல்லியிருந்தேன். இந்த வயதில் பொம்மைக் கப்பல் விடுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அவள் ஒரு முறைகூட மேற்கொண்டு கேட்டதில்லை. இதை இக்பாலிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

பெட்டி கட்டுவதில்தான் முதல் சனியன் பிடித்தது. எப்போதும் கருவிப்பெட்டியை அடுக்குவது இக்பால். எந்தச் சாமான் எந்தத் தட்டில் என்பதில் அவனுக்கு வெறி. இப்போது ஃபோனில் அவன் சொல்லச் சொல்ல நான் அடுக்கினேன். "கிரீஸ் வச்சியா? சிரிஞ்ச மேல் தட்டுல வை. பேட்டரியக் கைப்பையில வை, பெட்டியில போட்டா ஏர்போர்ட்டுல புடுங்கிருவான். கத்தியக் கடைசியா வை." எல்லாம் வைத்தேன், கத்தியையும் கடைசியாக வைத்தேன். பிறகு அறையில் இருந்தவர்கள் அன்போடு உதவிக்கு வந்தார்கள். வளைகுடாவில் ஊருக்குப் போகிற பெட்டியைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. பழுப்பு டேப்பை உருளை தீரும்வரை சுற்றி, மேலே நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சுமேல் முடிச்சு போட்டு, மார்க்கரில் என் பெயரை நான்கு பக்கமும் எழுதினார்கள். திருச்சி விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதப் பிரிக்கிறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன். போங்க சார்."

காரைக்கால் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அது சனிக்கிழமை என்று உறைத்தது. பஸ் முழுக்கத் திருநள்ளாறு போகிற கூட்டம். என் பெட்டியின்மேல் ஒருவர் உட்கார்ந்துகொண்டார். தோளில் கப்பல் இருந்த நீளப் பையைப் பார்த்து ஒரு அம்மாள், "ஏழரையா, அஷ்டமமா?" என்று இரக்கத்தோடு கேட்டார். சிநேகிதன் என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் எள் உருண்டை ஒன்று கொடுத்தார். திருநள்ளாற்றில் பஸ்ஸே காலியானது. இறங்கிய கூட்டத்தோடு என் பெட்டியையும் ஒருவர் தன்னுடையது என்று இறக்கிவிட, நான் கத்திக்கொண்டே பின்னால் ஓட, நடத்துனர் என்னை ஒரு மாதிரி பார்த்து விசில் கொடுத்தார். நான்கு பக்கமும் எழுதியிருந்த என் பெயர் அன்றைக்கு மட்டும் உதவியது.

காரைக்கால் தட்டையான ஊர். பொள்ளாச்சியில் கண்ணைத் திறந்தால் மலை இருக்கும். இங்கே பார்வை போய்க்கொண்டே இருக்கிறது, முட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. லாட்ஜ் வாசலில் இக்பால் தாடி வளர்த்துக்கொண்டு நின்றான். என்னைக் கட்டிப்பிடிப்பதற்கு முன்னால் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "தலகீழாப் புடிச்சியா?" என்றான்.

மத்தியானம் ஜமீலா ஒரு ஆட்டோவில் டிபன் கேரியர் அனுப்பினாள். நெய்ச்சோறு, கறி ஆணம் என்கிற குழம்பு, பருப்பும் கறியும் போட்ட தாளிச்சா, மேல் தட்டில் வடைபோல இறால் வாடா. சொர்க்கம். ஆனால் எல்லாம் கணக்காக ஒரு ஆளுக்கு. "விருந்தாளிக்கு மட்டும்னு சொல்லச் சொன்னாங்க," என்றார் ஆட்டோக்காரர், இக்பால் இருக்கும் பக்கமே பார்க்காமல். இக்பால் கீழே போய்ப் பரோட்டா வாங்கி வந்து, என் எதிரில் உட்கார்ந்து, என் தாளிச்சாவையே பார்த்துக்கொண்டு தின்றான். நான் பாதியைத் தள்ளினேன். "வேணாம். எனக்குன்னு அனுப்பினாத் திம்பேன்," என்றான். ரோஷத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மறுநாள் தண்ணீர் தேடினோம். டெல்டாவில் தண்ணீர் தேடுவது போன்ற கேவலம் வேறு இல்லை. நெடுங்காட்டுப் பக்கம் வயலெல்லாம் பச்சை. வாய்க்காலில் தண்ணீர் போகிறது, கணுக்கால் நனைய. குளம் இருந்தது, அதன்மேல் ஆகாயத்தாமரை ஜமக்காளம் விரித்ததுபோல் கிடந்தது. அதில் கப்பலை விட்டால் தேடி எடுக்க ஆடு மாடு மேய்க்கிறவரைத்தான் கூப்பிட வேண்டும். அம்பகரத்தூரில் ஒரு குளம் பார்த்து வாயைப் பிளந்தோம். கரையில் குளித்துக்கொண்டிருந்தவர் தலையைத் துவட்டியபடி, "கோயில் கொளத்துல எத வுடப் போறீங்க?" என்றார். குரலிலேயே பதில் இருந்தது. திரும்பினோம்.

சாயங்காலம் ஹாஜா நானாவே வழி சொன்னார். ஜவுளிக்கடை வைத்திருப்பவர், துணியை அளப்பதுபோல் பேச்சையும் அளந்து பேசுவார். திருவேட்டக்குடிப் பக்கம் அவருக்குத் தெரிந்தவரின் பழைய இறால் குட்டை ஒன்று சும்மா கிடக்கிறதாம்.

"தண்ணி நல்லா இருக்கும். ஆனா ஒண்ணு, கயிறு கியிறு கட்டி இழுக்கிற வேலையெல்லாம் கூடாது. சொல்லிட்டேன்."

அங்கேதான் இடித்தது. புதுத் தண்ணீரில் முதல் முங்கலுக்குக் கப்பலின் வாலில் தூண்டில் நரம்பு கட்டி, மறுமுனையில் ஒரு ஆரஞ்சு மிதவை விடுவோம். கப்பல் அடியில் மாட்டிக்கொண்டால் மிதவையைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். எந்தக் குளத்திலும் நாங்கள் இதை மீறியதில்லை. இப்போது நரம்பு கட்டினால் சாட்சியம் செல்லாது. இக்பால் உடனே, "கட்ட மாட்டோம் நானா," என்றான். நான் அவன் தொடையைக் கிள்ளினேன். அவன் என் கையைத் தட்டிவிட்டான்.

குட்டையைப் பார்க்கப் போனபோது இக்பால் விரலை விட்டு நக்கிப் பார்த்தான். "லேசாத்தான் கரிக்குது." நானும் நக்கினேன். ஊறுகாய் போடலாம். உப்புத் தண்ணீரில் ரேடியோ அலை செத்துப்போகும். கொஞ்சம் ஆழம் போனாலே கப்பலுக்கு நம் பேச்சு கேட்காது. இது எனக்குத் தெரியும், அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "மேலாக்க ஓட்டிக்கலாம் டா," என்றான். மூழ்காத நீர்மூழ்கியைக் காட்டி எந்தப் பெண்ணை நம்ப வைப்பது?

திங்கள்கிழமை காலை எல்லோரும் வந்துவிட்டார்கள். எல்லோரும் என்றால் ஹாஜா நானா, அவர் கடை ஆட்கள் இருவர், குட்டைக்காரர், வேடிக்கை பார்க்க வந்த மீன்காரர்கள், பிறகு ஜமீலா. கறுப்பு புர்காவில், குடை பிடித்து, வேப்பமரத்தடியில் தனியாக நின்றாள். இக்பாலைப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் தலையை ஆட்டி, "வாங்கண்ணே, சாப்பாடு ஒத்துக்கிச்சா?" என்று கேட்டாள்.

பெட்டியைக் கரையில் இறக்கினோம்.

"கத்தி எங்க?" என்றான் இக்பால்.

"உள்ள."

"உள்ள எப்புடி டா வப்ப? கடைசியா வைன்னு சொன்னேன்ல!"

"கடைசியாத்தான் வச்சேன். எல்லாத்துக்கும் மேல இருக்கு."

அவன் அப்படியே என்னைப் பார்த்தான். கடைசியாக என்றால், கட்டி முடித்த பிறகு வெளியே செருகுவது என்று அர்த்தமாம். சொல்லியிருக்கலாமே! ஹாஜா நானா கடிகாரத்தைப் பார்த்தார். மீன்காரர் ஒருவர் பல்லால் டேப்பைக் கடித்துப் பார்த்தார். குட்டைக்காரர் அரிவாள் எடுத்து வரப் போனார்.

"வெட்டாதீங்க," என்றாள் ஜமீலா. குடையை மடக்கி வைத்துவிட்டு வந்து பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முடிச்சுகளை ஒருமுறை தடவிப் பார்த்து, நகத்தால் ஒன்றை நெம்பினாள். கயிறு ஒவ்வொன்றாக அவிழ்ந்து வந்தது. வருடா வருடம் இப்படிப்பட்ட பெட்டிகள் வந்து இறங்கும் வீடு அது. கயிற்றை அறுக்காமல் எடுத்துத் துணி காயப்போடக் கொடி கட்டுவார்களாம். டேப்பின் முனையைக் கண்டுபிடித்து உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் என்னைக் கேட்டாள்.

"உங்க ஃபோனும் வெள்ளிக்கெழம ஆஃப்பாத்தான் இருக்குமாண்ணே?"

"ஆமாம்மா. அவன் சட்டம்."

"வீட்டுல ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"அவ அப்படியெல்லாம் கேக்கற ஆளில்ல," என்றேன்.

ஜமீலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கயிற்றைச் சுருட்டினாள்.

கப்பலைத் தண்ணீரில் வைத்தால், உப்புத் தண்ணீர் அல்லவா, கோபித்துக்கொண்ட வாத்துபோல் மேலேயே நின்றது. எடை போதவில்லை. "ஈயத்தக் குடு," என்று இக்பால் பின்னால் கையை நீட்டினான். ஈயத்தைக் கொண்டுவர மறந்திருந்தேன். மீன்காரர் வலையில் கட்டும் ஈயக்குண்டுகள் சிலவற்றைக் கொடுத்தார். டேப் வைத்து வயிற்றில் ஒட்டினோம். ரிமோட்டின் நீளக் கம்பியை இழுத்து, இக்பால் "பிஸ்மில்லா" சொல்லி, ஓட்டுகிற குச்சியைத் தள்ளினான். கப்பல் கிளம்பியது. கரையில் பேச்சு நின்றது. அழகாக ஒரு வட்டம் அடித்தது. முங்கியது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெறும் தண்ணீர். எங்கள் வீடியோக்களில் தெரியும் அதே தண்ணீர்.

"எழுப்புங்க," என்றார் ஹாஜா நானா.

இக்பால் குச்சியை இழுத்தான், தள்ளினான், கம்பியை ஆட்டினான். சிக்னல் அறுந்துவிட்டது. அறுந்தால் உள்ளே இருக்கும் பம்ப் தானே ஓடித் தண்ணீரை வெளியேற்றிக் கப்பலை மேலே கொண்டுவர வேண்டும். வரவில்லை. பல வருடத்து உழைப்பு சேற்றில் கிடக்கிறது. அதைவிட, அவன் வீட்டுக்குப் போகும் வழி அங்கே கிடக்கிறது.

"பம்ப் வயர மாட்டுனியா?" என்றான் இக்பால், என் பக்கம் திரும்பி.

"நீதான் மாட்டின."

"நான் மேல் மூடியப் போட்டேன். வயரு எப்பவும் நீதான!"

"எப்பவும் நானா? ஒரு நாளாவது நீ எதையாவது மூடியிருக்கியா? ஊறுகாய் பாட்டிலை மூட மாட்டே, டூத்பேஸ்டை மூட மாட்டே, ஈரத் துண்டை என் கட்டில்லதான் போடுவே!"

"ஈயத்த மறந்தவன் பேசுறான் பாரு! கத்திய உள்ள வச்சுக் கட்டுனவன்! மேல் தட்டுல இருக்க வேண்டிய சிரிஞ்சு சோப்பு டப்பாவுல கெடக்குது!"

"உன் தட்டும் நீயும்! நரம்பு கட்டலாம்னு தொடையைக் கிள்ளினேன். கேட்டியா? எப்பவாவது நான் சொல்றதைக் கேட்டிருக்கியா? டீயில சக்கரை போடாதேன்னு டாக்டர் சொன்னதை நான் தினம் சொல்றேன். எனக்குத் தெரியாம ரெண்டு ஸ்பூன் போட்டுக்கறே!"

"எண்ணிக்கிட்டா இருக்க?"

"எண்ணாம? நீ மயங்கி விழுந்தா உன்னைத் தூக்கிட்டு ஓடறது யாரு?"

இது எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. குறட்டை வந்தது, அறை வாடகைக் கணக்கு வந்தது, போன ரம்ஜானுக்கு நான் கருக விட்ட கஞ்சி வந்தது. தொண்டை கட்டிக்கொண்டு நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் கவனித்தேன். கரையில் ஒருவர்கூடக் குட்டையைப் பார்க்கவில்லை. கடை ஆட்கள், மீன்காரர்கள், ஹாஜா நானா, எல்லோரும் வாயைத் திறந்தபடி எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே," என்றாள் ஜமீலா. "சண்டய முடிச்சிட்டு, அத எடுங்க."

திரும்பினோம். குட்டையின் நடுவில், முதுகெல்லாம் சேறோடு, கப்பல் மிதந்துகொண்டிருந்தது. எப்போது வந்ததோ! பம்ப் சேற்றில் திணறித் திணறி ஓட, அத்தனை கண்ணும் எங்கள்மேல் இருந்த நேரம் பார்த்து அது தானே எழுந்து வந்திருக்கிறது. இதற்காகவா நான் கடல் தாண்டி வந்தேன்?

ஹாஜா நானா தொண்டையைக் கனைத்தார். "நாங்க சரியாப் பாக்கல. இன்னொருக்க முங்க வைங்க."

"வேணாம் நானா," என்றாள் ஜமீலா. "நான் பாத்துட்டேன்."

"கப்பலயா?"

"கப்பல யாரு கேட்டா?" அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அவங்களுக்கு அங்க ஒரு குடும்பம் இருக்குன்னு சொன்னேன்ல. இருக்கு. இந்தா நிக்கிறாங்க பாருங்க, பொள்ளாச்சிக்காரவுங்க. ஊறுகா மூடிக்கும் ஈரத் துண்டுக்கும் வேற யாரு நானா இப்புடி அடிச்சுக்குவா? நான் அடிச்சுக்குவேன். அப்பறம் இவங்க."

ஹாஜா நானா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். இக்பால் மட்டும் சிரிக்கவில்லை. கைலியோடு குட்டைக்குள் இறங்கி, கப்பலை மார்போடு அணைத்துக்கொண்டு, கரைக்கு முதுகைக் காட்டியபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். அவன் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்திருப்பான். நாங்கள் பார்க்கவில்லை.

அன்று மத்தியானச் சாப்பாடு ஜமீலாவின் வீட்டில். இரண்டு தட்டு. தாளிச்சாவை இக்பால் மூன்று தடவை கேட்டு வாங்கினான். சாப்பிட்டுவிட்டு ஊறுகாய் பாட்டிலைத் திறந்தபடி வைத்தான். நானும் ஜமீலாவும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம்.

மறுநாள் பெட்டியையும் கப்பலையும் அவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு ஊருக்குப் போகலாம் என்று இருந்தேன். வாசலில் கப்பல் பையும், அதன் பக்கத்தில் கட்டி முடித்த பெட்டியும் தயாராக இருந்தன. அதே நைலான் கயிறு, அறுபடாமல். கத்தி வெளியே, துணி சுற்றி, கயிற்றுக்கு அடியில் செருகியிருந்தது.

"எடுத்துட்டுப் போங்கண்ணே," என்றாள் ஜமீலா. "உங்க வீட்டுலயும் ஓட்டிக் காட்டுங்க."

"அவ கேக்கவே இல்லியேம்மா."

"அதனாலதான் சொல்றேன்."

தமிழ்நாட்டு எல்லையில், காரைக்கால் சாராய பாட்டில்கள் தேடி போலீஸ்காரர் ஏறினார். பெட்டியில் என்ன என்றார். நீர்மூழ்கிக் கப்பலுக்கான சாமான்கள் என்றேன். மோந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார். பஸ் கிளம்பியது. எனக்கு ஜமீலா சொன்னது எரிச்சலாகவே இருந்தது. ஊரில் உள்ளவர்கள் எல்லாம் எனக்குப் புத்தி சொல்ல வேண்டுமா? இருந்தும் ஃபோனை எடுத்து சுமதியைக் கூப்பிட்டேன். பஸ் ஏறிவிட்டேன், இரவுக்குள் வந்துவிடுவேன் என்றேன். சரிங்க என்றாள். வைக்கப் போனவளை நிறுத்தினேன்.

"சுமதி, வெள்ளிக்கெழமை ஆனா தூங்கறேன்னு சொல்லி ஃபோனை ஆஃப் பண்ணிடறேன். எங்க போறேன்னு நீ கேட்டதே இல்லியே. ஏன்?"

மறுபக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"கேட்டு, நீங்க சொல்லிப்போட்டீங்கன்னா?" என்றாள். "அப்பறம் நான் என்ன பண்றதுங்க?"

பஸ் இரைச்சலில் எனக்குச் சரியாகத்தான் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கையாட்டினேன். கால்களுக்கு நடுவே பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டேன்.

"சுமதி, நம்ம தோட்டத்துத் தொட்டியில தண்ணி எவ்வளவு இருக்கு?"

"பாதி இருக்குங்க. எதுக்கு?"

"மோட்டார் போட்டு ரொப்பி வை," என்றேன். "நான் வர்றேன்."